பதிவுத் தகட்டின் எழுச்சியும் வீழ்ச்சியும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதித் தமிழ் ஆவணங்களை முன்வைத்து

முன்னுரை

கல், செப்பேடு, பனையோலை, தாள், ஒலிநாடா எனத் தமிழர் தம் சொல்லைப் பதிந்து வைத்த பொருள்கள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. இவ்வரிசையில் மிகக் குறுகிய காலமே வாழ்ந்தது பதிவுத் தகடாகும். வெற்றுத் தகடாக வாங்கிக் கணினியின் துணையால் எழுதத்தக்க குறுந்தகட்டையும் டிவிடியையும் இக்கட்டுரை பதிவுத் தகடு எனக் குறிக்கிறது. 1990-களின் இறுதியில் பொதுமக்கள் கைக்கு வந்த அது, 2010-களின் நடுப்பகுதிக்குள் பெரிதும் வழக்கிழந்தது. ஆயினும் அவ்விடைக்காலத்தில் தமிழ்த்துறைகள் மேற்கொண்ட கள ஆய்வுகளின் ஒலிப்பதிவு, நிழற்படம், தட்டச்சுப்படி ஆகியன பெரும்பாலும் அதனையே சார்ந்திருந்தன.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்பகுதித் தமிழ் வழக்காறுகள் இத்தகடுகளால் பெற்ற பயனையும், இவற்றின் வீழ்ச்சியால் அவற்றுக்கு நேர்ந்துள்ள இடரையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தகடு அழியக்கூடிய பொருள் என்பதைவிட, அதனை நிலையானதெனக் கருதிப் படியெடுக்கும் மரபை நாம் கைவிட்டதே இழப்பிற்கு முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

எல்லைப்பகுதியின் இயல்பு

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் நிலைத்தன. முன்பு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பாலக்காடும், கொச்சி அரசைச் சேர்ந்திருந்த சித்தூரும் கேரளத்தின் பகுதிகளாயின. பாலக்காடு மாவட்டம் 1957-இலும், இடுக்கி மாவட்டம் 1972-இலும் உருவாயின. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மூணாறு, மறையூர், வட்டவடை, வண்டிப்பெரியாறு, குமுளி முதலிய ஊர்களில் தமிழ் இன்றும் நாள்தோறும் வழங்குகிறது.

இப்பகுதித் தமிழருக்கு மொழிச் சிறுபான்மையினர் என்ற நிலையில் சில உரிமைகள் உள்ளன. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அவர்கள் அரசுடன் தமிழில் தொடர்புகொள்ள இடமளித்துள்ளது. தமிழ்வழிப் பள்ளிகளும் இயங்குகின்றன. ஆனால் வழக்காறுகளைத் திரட்டிக் காக்கும் ஆவணக்காப்பகம் என்ற நிலையில் இப்பகுதி இரு மாநிலங்களுக்கும் விளிம்பாகவே இருந்துவருகிறது. தமிழகத்தின் காப்பகங்களுக்கு இது எல்லைக்கு அப்பாற்பட்ட நிலம். கேரளத்தின் காப்பகங்களுக்கு இது பிறமொழியாளர் வாழும் நிலம். எனவே இங்குப் பதிவு என்பது பெரும்பாலும் நிறுவனத்தின் பணியாக அமையாமல், தனியாளின் முயற்சியாகவே அமைந்தது. தனியாளின் சேமிப்புக்கருவி வழக்கிழக்கும்போது இப்பகுதி அடையும் இழப்பு மிகுதியாவது இக்காரணம் பற்றியே எனலாம்.

ஏடும் ஒலிநாடாவும்

பாலக்காட்டுப் பகுதியின் தோல்பாவைக்கூத்து இங்குக் கருதத்தக்க சிறந்த சான்றாகும். பகவதி கோயில்களை ஒட்டிய கூத்துமாடங்களில் இராமகதையை நிழலாட்டமாக நிகழ்த்தும் கலை இது. நிகழ்த்துவோர் புலவர் எனப்படுவர். கம்பராமாயணப் பாடல்களைத் தமிழிலேயே பாடி, தமிழும் மலையாளமும் கலந்த உரைநடையில் விளக்கம் கூறுவது இதன் இயல்பு. நிகழ்த்துதலுக்குரிய பனுவல் ஆடல்பற்று எனப்படும். ஏட்டிலும் பின்னர்க் கையெழுத்துப் படியிலும் எழுதப்பெற்று, தலைமுறைதோறும் மாணவரால் படியெடுக்கப்பெற்று அது வாழ்ந்துள்ளது. அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1980-களில் இக்கலையைக் களத்தில் ஆராய்ந்து 1996-இல் நூலாக வெளியிட்டார்.

இடுக்கிப் பகுதியின் முதுவர், மன்னான் மக்களின் நிலை இதனின் வேறானது. முதுவர் தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர் எனக் கூறுகின்றனர். அவர்தம் பேச்சு தமிழோடு நெருங்கிய உறவுடையது. அதற்கெனத் தனி எழுத்தில்லை. முதுவர் வாழும் இடமலைக்குடி 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் வழக்காறுகளும் வாய்மொழியாகவே வாழ்பவை. எழுத்தில்லாத மொழிக்கு ஒலிப்பதிவே ஏடாகும். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா, இவ்வகையில் நாட்டுப்புறவியல் ஆய்விற்குப் பெருந்துணையாயிற்று. எனினும் ஒலிநாடாவைப் படியெடுக்கும்தோறும் இரைச்சல் கூடும், நாடா சிக்கும், பூஞ்சை பற்றும். இக்குறைகள் அனைவரும் அறிந்தவையாதலின், ஆய்வாளர் கேட்டதை உடனே தாளில் எழுதிவைத்தனர். நாடாவின் குறையே எழுத்துப்படி உருவாகக் காரணமாயிற்று என்பது இங்குக் கருதத்தக்கது.

பதிவுத் தகட்டின் வருகை

சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் உருவாக்கிய இசைக் குறுந்தகடு 1982-இல் விற்பனைக்கு வந்தது. ஒருமுறை எழுதத்தக்க தகட்டின் வரையறை 1988-இல் அமைந்தது; ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் அதனை முதலில் உருவாக்கியது. அழித்து எழுதத்தக்க வகை 1997-இல் வந்தது. இந்தியாவில் மோசர் பேர் நிறுவனம் 1999-இல் பதிவுத் தகடுகளை உற்பத்தி செய்யத் தொடங்கி, உலகின் பெரிய தகடு உற்பத்தியாளர்களுள் ஒன்றாக வளர்ந்தது. உள்நாட்டு உற்பத்தி பெருகியதால் விலை குறைந்து, சிற்றூர்க் கடைகளிலும் தகடு கிடைக்கலாயிற்று.

நெகிழ்தட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட்டு, குறுந்தகட்டின் கொள்ளளவு 700 மெகாபைட்டு. அதாவது ஒரு குறுந்தகடு ஏறத்தாழ 480 நெகிழ்தட்டுகளுக்கு நிகராயிற்று. டிவிடியின் கொள்ளளவோ 4.7 கிகாபைட்டு. இதன் பொருளைத் தோல்பாவைக்கூத்தைக்கொண்டு விளக்கலாம். 21 இரவுகள் நிகழும் கூத்தில் ஓர் இரவுக்கு 7 மணி நேரம் எனக் கொண்டால் மொத்தம் 147 மணி நேரமாகும். இதனை ஒரு மணி நேர ஒலிநாடாக்களில் பதிய 147 நாடாக்கள் வேண்டும். சுருக்கிய எம்பி3 வடிவில் குறுந்தகட்டில் பதிந்தால் 13 தகடுகள் போதும். காணொளியாக டிவிடியில் பதிந்தால், ஒன்றிற்கு 2 மணி நேரமாக 74 தகடுகள் வேண்டும். முழுக்கூத்தையும் ஒரு பெட்டிக்குள் அடக்கலாம் என்ற நிலை ஆய்வாளருக்கு முதன்முறையாகக் கிட்டியது.

கேரள அரசின் அட்சயா திட்டம் 2002-இல் மலப்புறத்தில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. கணினி மையங்களும் நிழற்பட நிலையங்களும் எல்லை ஊர்களில் பெருகின. திருமணம், பூப்புநீராட்டு, கோயில் கொடை ஆகியவற்றின் காணொளியைத் தகட்டில் பதிந்து, உறையில் மணமக்கள் படத்தை அச்சிட்டுத் தருவது வழக்கமாயிற்று. தமிழகத்தில் வாழும் உறவினருக்கு அத்தகட்டின் படியைக் கொடுத்தனுப்பினர். பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டுடன் குறுந்தகட்டை இணைத்தளிக்கும் முறையும் ஏற்பட்டது. இவ்வாறு வீட்டு ஆவணமும் ஆய்வு ஆவணமும் ஒரே பொருளில் அடங்கின.

நிலைபேறு பற்றிய நம்பிக்கை

கடையில் விற்கும் திரைப்படத் தகடும் வீட்டில் எழுதும் பதிவுத் தகடும் தோற்றத்தில் ஒன்றே, உள்ளமைப்பில் வேறானவை. முன்னதில் செய்தி ஆலையில் குழிகளாக அச்சிடப்படுகிறது. பின்னதில் சாயப்பூச்சின்மேல் சீரொளி படுவதால் ஏற்படும் மாற்றமே செய்தியாகிறது. சாயம் ஒளியாலும் வெப்பத்தாலும் மங்கும். அதன்மேல் உள்ள வெள்ளிப்படலம் ஈரத்தாலும் காற்றின் மாசாலும் கெடும். குறுந்தகட்டில் இப்படலம் பெயர் எழுதும் பக்கத்தில் மெல்லிய பூச்சின் கீழேயே அமைந்துள்ளது. ஆதலால் கீழ்ப்பக்கக் கீறலைவிட மேற்பக்கக் கீறலே கொடியது. பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதுவதும், ஒட்டுத்தாளை ஒட்டிப் பின் உரிப்பதும் தகட்டை அழிக்கும். நாம் பேணுவதாக எண்ணிச் செய்த செயல்களே கேடு விளைத்தன.

அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2003-இல் வெளியிட்ட கையேடு, தகடுகளை 4 முதல் 20 பாகை செல்சியசு வெப்பத்திலும், 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைக்கப் பரிந்துரைத்தது. இந்நிலையில் பதிவுத் தகடுகள் 100 முதல் 200 ஆண்டுகள் வரை வாழும் என்பது சோதனை நடத்திய உற்பத்தியாளரின் கருத்தென்றும் அது குறிப்பிட்டது. அம்மதிப்பீடு, மிகுவெப்பத்தில் சில காலம் வைத்துச் சோதித்துக் கணக்கிட்ட ஒன்றாகும். மக்களிடம் பரவியதோ நூறாண்டு என்ற எண் மட்டுமே. அதற்குரிய நிபந்தனை பரவவில்லை. பாலக்காட்டுக் கணவாயின் கோடை வெப்பம் 40 பாகையை எட்டும். தேவிகுளம் மலையின் மழைக்காலம் துணியும் உலராத ஈரமுடையது. மழைமறைவுப் பகுதியான மறையூரை ஓரளவு விலக்கலாம் எனினும், பரிந்துரைத்த நிலை இயற்கையாக ஆண்டு முழுதும் வாய்க்கும் இடம் இவ்வெல்லைப்பகுதியில் அரிது.

வீழ்ச்சிக்கான காரணங்கள்

பதிவுத் தகட்டின் வீழ்ச்சி ஒரே காரணத்தால் நேர்ந்ததன்று. 2000-இல் விற்பனைக்கு வந்த விரலி எனப்படும் பென் டிரைவ், அழித்து எழுதும் எளிமையால் முதலில் போட்டியாயிற்று. பின்னர்க் கையடக்க வன்தட்டு வந்தது. முன்னர்க் கணக்கிட்ட 74 டிவிடிகளின் காணொளி முழுதும் ஏறத்தாழ 350 கிகாபைட்டு ஆகும். இது உள்ளங்கையளவான ஒரே வன்தட்டில் அடங்கும். 2008-இல் ஆப்பிள் நிறுவனம் வட்டு இயக்கி இல்லாத மடிக்கணினியை வெளியிட்டது. பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. இந்தியாவில் 2005-இல் பரவத் தொடங்கிய அகல அலைவரிசை இணைப்பும், 2016-இல் ஜியோ வருகைக்குப் பின் ஏற்பட்ட கைப்பேசி இணைய விலைக்குறைவும் படங்களைக் கையில் கொடுத்தனுப்பும் தேவையையே நீக்கின. 2012-இல் வந்த கூகுள் டிரைவ் போன்ற மேகச் சேமிப்புகள் வீட்டுப் பேழையின் இடத்தைப் பிடித்தன.

உற்பத்தியும் இதற்கேற்பச் சுருங்கியது. முதல் பதிவுத் தகட்டை உருவாக்கிய தையோ யூடன் 2015-இல் இத்தொழிலை விட்டது. மோசர் பேர் நிறுவனத்தின் மீது 2017-இல் நொடிப்பு நடவடிக்கை தொடங்கி, 2018-இல் கலைப்பு ஆணை பிறந்தது. சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் எழுதத்தக்க புளூ-ரே தகடுகளின் உற்பத்தியை நிறுத்தியது. தகடு உற்பத்தி உலகில் முற்றும் நின்றுவிடவில்லை. ஆனால் தனியார் சேமிப்புப் பொருள் என்ற நிலையை அது இழந்துவிட்டது.

நால்வகை இழப்பு

தகட்டின் வீழ்ச்சியால் ஆவணத்திற்கு நேரும் இழப்பை நான்காகப் பகுக்கலாம். முதலாவது, தகடே கெடுதல். இரண்டாவது, தகடு நன்னிலையில் இருந்தும் அதனைப் படிக்கும் இயக்கி கிடையாமை. மூன்றாவது, இயக்கி இருந்தும் கோப்பின் வடிவத்தைத் திறக்கும் மென்பொருள் இன்மை. நான்காவது, கோப்பு திறந்தும் எழுத்து விளங்காமை.

நான்காவது வகை தமிழாய்வுக்குச் சிறப்பாக உரியது. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் தமிழ்த் தட்டச்சுப்படிகள் பல்வேறு எட்டுத்துணுக்கு எழுத்துருக்களில் அமைந்தன. ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியேற்றம் உடையது. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் ஆகிய குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. 2010-இல் ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் ஏற்றது. இடைக்காலத்தில் எழுதிய கோப்பு இன்றைய கணினியில் ஐரோப்பிய எழுத்தும் குறியும் கலந்த குவியலாகத் தோன்றும். இக்கட்டுரையாளர் தம் பழைய கள ஆய்வுத் தகடுகளைத் திறந்தபோது இந்நிலையை நேரில் கண்டார். ஒரு தகட்டில் கோப்புகளின் பெயர்ப்பட்டியல் முழுமையாகத் தோன்றியது. பாடலோ பாதியில் நின்றது. மற்றொன்றில் பாடலின் எழுத்துப்படி பழுதின்றி இருந்தது. எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தது என்ற குறிப்பு எங்கும் இல்லை. எழுத்துருவின் பெயரை உறையில் ஒரு சொல்லாக எழுதியிருந்தால் அவ்விடர் நேர்ந்திராது.

குறியேற்றச் சிக்கலுக்குத் தீர்வுண்டு. தமிழ் எழுத்துக்கள் வரும் விகிதத்தை நோக்கிக் குறியேற்றத்தைக் கண்டறிந்து ஒருங்குறிக்கு மாற்றலாம், மாற்றிகளும் உள்ளன. முதல்வகை இழப்பிற்கோ மாற்றில்லை. பாடியவர் மறைந்தபின் தகடும் கெடுமாயின் அவ்வழக்காறு இருமுறை இறந்ததாகும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வேடுகளின் மின்படிகள் திரட்டப்பெற்று, சோத்கங்கா தளத்தில் வைக்கப்படலாயின. இதனால் ஆய்வேட்டின் எழுத்துப் பகுதிக்குப் புதிய பாதுகாப்பு கிட்டியது. ஆனால் பின்னிணைப்பாக உறையில் செருகிய ஒலித்தகடு அதனுடன் சென்றதென்ற உறுதியில்லை. ஆய்வாளரின் முடிவு நிலைபெற்று, தகவலாளியின் குரல் அலமாரியில் கிடக்கும் நிலை இதனால் உருவாயிற்று.

படியெடுத்தல் மரபு

பனையோலை தகட்டைவிட வலியது என்பதால் மட்டும் தமிழ்நூல்கள் வாழவில்லை. ஓலையும் சில நூற்றாண்டுகளில் இற்றுப்போவதே. ஓலை அழியும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர், ஆதலின் படியெடுத்தனர். படியெடுத்தபின் பழைய ஏட்டை நீரில் விடுவதும் வழக்கமாயிற்று. பிற்காலத்தில் படியெடுப்பது நின்று, நீரில் விடுவது மட்டும் எஞ்சியது. ஆடிப்பெருக்கில் ஏடுகள் ஆற்றில் விடப்பட்ட செய்தியை உ.வே.சாமிநாதையர் வருத்தத்துடன் பதிவு செய்துள்ளார். சடங்கு நின்று பணி மறைந்த அந்நிலையோடு, தகடுகளைப் பெட்டியில் அடுக்கிவைத்து அவை வாழ்வதாக நாம் எண்ணும் இந்நிலை ஒப்புநோக்கத்தக்கது.

இன்றைய கருவிகளும் இவ்விதிக்கு விலக்கல்ல. வன்தட்டு ஒருநாள் இயங்காது நிற்கும். மேகச் சேமிப்பின் கணக்கு, கடவுச்சொல் அறிந்தவர் மறைந்தால் பூட்டிய அறையாகும். ஓரிடத்தில் மட்டும் உள்ள படி அவ்விடத்தோடு அழியும் என்பதற்கு இப்பகுதியே சான்று. 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவு, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரின் லயங்களை மூடியது. 70 உயிர்கள் மாய்ந்தன. உயிரிழப்பிற்கு முன் பிற இழப்புகள் சிறியவை. எனினும் ஒரு குடும்பத்தின் படங்களும் பதிவுகளும் பிறிதோர் ஊரிலும் இருந்தால், எஞ்சியோர்க்கு மறைந்தவர் முகமேனும் எஞ்சும். உறவினருக்குத் தகட்டின் படி கொடுத்தனுப்பிய பழைய வழக்கம், அறியாமலே இப்பாதுகாப்பைச் செய்துவந்தது.

முடிவுரை

இவ்வாய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. நிறுவனக் காப்பகம் இல்லாத எல்லைப்பகுதியில் பதிவுத் தகடு தனியாளின் காப்பகமாக விளங்கியது.

2. ஒலிநாடாவின் குறை எழுத்துப்படியை வளர்த்தது. தகட்டின் மீதான நம்பிக்கை எழுத்துப்படி, மறுபடி ஆகிய இரண்டையும் தளர்த்தியது.

3. தகட்டின் வீழ்ச்சியால் நேரும் இழப்பு நால்வகையது. அவற்றுள் எழுத்துருச் சிக்கல் தமிழுக்குச் சிறப்பாக உரியது, மீட்கத்தக்கதும் அதுவே.

தமிழ்த்துறைகள் தம் அலமாரிகளிலும் ஆய்வேடுகளின் உறைகளிலும் உள்ள தகடுகளைப் பட்டியலிட்டு, இயக்கிகள் கிடைக்கும் காலத்திலேயே படித்தெடுத்தல் வேண்டும். பாடியவர் பெயர், ஊர், நாள், பதிந்தவர் பெயர், எழுத்துருவின் பெயர் ஆகியன ஒவ்வொரு படியிலும் இடம்பெற வேண்டும். எல்லைப்பகுதிப் பதிவுகளுக்குக் கேரளத்தில் ஒரு படியும் தமிழகத்தில் ஒரு படியும் இருத்தல் நலம். பாடிக்கொடுத்த மக்களின் இசைவு பெற்று, அவர்களிடமும் ஒரு படியைத் திருப்பியளித்தல் ஆய்வாளரின் கடமையாகும்.

ஏடுகளை எடுத்துத் துடைத்து அடுக்கும் கலைமகள் விழா நாள் நம்மிடம் உள்ளது. ஆண்டுக்கொருமுறை அந்நாளில் தகட்டையும் வன்தட்டையும் திறந்துபார்த்து, ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்படி எடுப்பதைத் துறைகள் வழக்கமாகக் கொள்ளலாம். 2000-களின் தொடக்கத்தில் எழுதிய தகடுகளுக்கு இன்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவற்றில் இன்னும் படிக்கத்தக்கவை எவை என்பதை அறிய, அவற்றை இப்பொழுதே திறந்துபார்ப்பதன்றி வேறு வழியில்லை.